வியர்க்கும் வரை காத்திருக்கும் பனியன்

போன மார்கழியில் ஒரு திங்கட்கிழமை. நாங்கள் சோதிக்கும் ஈசிஜி உடுப்புகளிலிருந்து வார இறுதியில் வந்து சேர்ந்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 63 வயது அம்மா ஒருவருடைய பதிவு. சனிக்கிழமை காலை 6:42. அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஈசிஜி கோடு திடீரென்று அகலமான, பெரிய அலைகளாக மாறியது. நொடிக்கு மூன்று அலை, மொத்தம் பதினொரு நொடி. அப்புறம் மறுபடியும் பழைய கோடு.

ஈசிஜி பார்த்துக் கொஞ்சம் பழகியவர்களுக்கு அந்த வடிவம் வயிற்றைக் கலக்கிவிடும். இதயத்தின் கீழறையிலிருந்து கிளம்பும் ஆபத்தான வேகத் துடிப்பு, டாக்டர்கள் ‘வி.டி.’ என்று சுருக்கிச் சொல்வது, ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் குழுவின் இதயநோய் டாக்டரிடம் ஓடினேன். அவர் பதறவில்லை. பிரிண்ட் எடுக்கச் சொன்னார். ஒரு டிவைடரை எடுத்து, அலைகள் ஆரம்பிப்பதற்கு முன்னால் இருந்த இரண்டு துடிப்புகளின் இடைவெளியை அளந்தார். அந்த இடைவெளியை மாற்றாமல், டிவைடரை அலைகளின் மேல் அப்படியே நடத்திக்கொண்டு போனார். முனை விழுந்த ஒவ்வொரு இடத்திலும், பெரிய அலையின் முதுகில் முள் மாதிரி ஒரு சின்னக் கூர் நின்றது. உள்ளே இதயம் தன்பாட்டுக்கு நிமிடத்துக்கு 76 என்று அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

“டைரியைப் பாரும்மா” என்றார். 6:40க்கு நேராக அந்த அம்மா எழுதியிருந்தார்: தேங்காய் துருவினேன்.

நோயாளி பல் துலக்கும்போது கை ஆடுவதால் மானிட்டரில் வி.டி. மாதிரி அலை வருவதும் நர்ஸ் ஓடிப்போய்ப் பார்ப்பதும் இதயநோய் வார்டுகளில் பழைய கதை. இதயத்தின் மின்சாரத்தை வாங்கத் தோலில் வைப்பது எலெக்ட்ரோடு. ஜெல் போட்டு ஒட்டிய எலெக்ட்ரோடிலேயே அது நடக்கும். நாங்கள் சோதித்துக்கொண்டிருப்பது ஒட்டாத எலெக்ட்ரோடு. துணி. அதனால் எங்களுக்கு அது தினசரி நடக்கும்.

நான் திருப்பூரில் வளர்ந்தவள். பத்து வருடம் பனியன் கம்பெனிகளில் துணித் தரம் பார்க்கும் வேலை. ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) சரியா, துவைத்தால் எவ்வளவு சுருங்குகிறது, சாயம் நிற்கிறதா, தையல் பிரிகிறதா. இப்போது மூன்று வருடமாகக் கோவையில் ஒரு சிறிய குழுவில் இருக்கிறேன். வெள்ளி பூசிய நைலான் நூலைப் பருத்தியோடு சேர்த்துப் பின்னி, அதையே எலெக்ட்ரோடாக வைத்து, நாள்கணக்கில், வாரக்கணக்கில் இதயத்தைப் பதிவு செய்யும் பனியன். பெண்களுக்கு மார்புக்குக் கீழே சுற்றும் ஒரு பட்டி. இதை மனிதர்கள் மேல் மாட்டிச் சோதித்துப் பார்ப்பது என் வேலை.

இந்த வேலைக்கு நான் வந்ததற்குக் காரணம் அப்பா. 2016ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. பேச்சு பாதி திரும்பியது. காரணம் தேடி 24 மணி நேர ஹோல்டர், அதாவது உடம்பில் மாட்டிக்கொண்டே நடமாடும் ஈசிஜி கருவி, மாட்டினார்கள். ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்தது. ஏழு மாதம் கழித்து, கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் சாதாரணமாக எடுத்த ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தது. இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும் நிலை. நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த துண்டு மூளைக்குப் போகும். இதில் கொடுமை என்னவென்றால், ஆரம்பத்தில் இது வந்து வந்து போகும். அந்த 24 மணி நேரத்தில் வரவில்லை, அவ்வளவுதான். யாருடைய தவறும் இல்லை. வலை வீசிய நேரத்தில் மீன் அந்தப் பக்கம் வரவில்லை.

எத்தனை நாள் வீசினால் அகப்படும் என்பதற்கு நல்ல ஆதாரம் கனடாவிலிருந்து வந்தது. 2014ல் வெளியான ‘எம்ப்ரேஸ்’ ஆய்வு. காரணம் தெரியாத பக்கவாதமோ, வந்து சீக்கிரம் சரியாகிவிட்ட சின்னத் தாக்குதலோ கண்ட, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 572 பேர். ஒரு பாதிப் பேருக்கு இன்னொரு 24 மணி நேர ஹோல்டர். மறு பாதிக்கு 30 நாள் பதிவு. ஹோல்டர் போட்டவர்களில் 3.2 சதவீதம் பேரிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அகப்பட்டது. 30 நாள் போட்டவர்களில் 16.1 சதவீதம். அந்த 30 நாள் கூட்டம் மாட்டியிருந்தது பசையோ ஜெல்லோ இல்லாத உலர் எலெக்ட்ரோடு வைத்த ஒரு மார்புப் பட்டை என்பதை நான் ரொம்பப் பிற்பாடுதான் கவனித்தேன். அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அவர் இடது கையால் என் தலையைத் தொட்டார்.

சரி, ஜெல்லையே 30 நாள் ஒட்டினால் என்ன? ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டாம் நாள் அரிக்கும். மூன்றாம் நாள் ஓரம் கிளம்பும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அதற்கு முன்னாலேயே கழன்றுவிடும். பசை பட்ட இடம் சிவந்து, சிலருக்குத் தோலே உரிந்துவிடுகிறது. வயதானவர்களின் தோல் காகிதம் போல இருக்கும். ஸ்டிக்கரைப் பிய்த்தால் தோலும் கூட வரும். ஜெல்லும் காய்ந்துபோகும். துணி இந்தச் சிக்கல் எல்லாவற்றையும் தாண்டிவிடும். ஆனால் அதற்குச் சொந்தமாக வேறு சிக்கல்கள் உண்டு.

தோலின் வெளிப்பக்கம் செத்த செல்களின் அடுக்கு. காய்ந்திருந்தால் அது மின்சாரத்தைத் தடுக்கும். இதயத்திலிருந்து மார்புத் தோல்வரை வந்து சேரும் மின்னழுத்தமோ சுமார் 1 மில்லிவோல்ட்தான். ஜெல் அந்த அடுக்கை நனைத்து வழி போட்டுக் கொடுக்கிறது. காய்ந்த துணியைக் காய்ந்த தோலில் வைத்தால் வழி கிடையாது. திரையில் இதயத்துக்குப் பதிலாக வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் புல்லு மாதிரி நிறைந்து நிற்கும். காத்திருக்க வேண்டும். எதற்கு? வியர்ப்பதற்கு. கண்ணுக்குத் தெரியாத அளவு வியர்வை துணிக்கும் தோலுக்கும் நடுவில் சேர்ந்து, அதிலிருக்கும் உப்பு வழியைத் திறக்கும்போது, புல்லுக்கு நடுவிலிருந்து இதயம் மெல்ல எழுந்து வரும். நூறு தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன். இன்னும் அந்த நிமிடத்தில் கண்ணை எடுக்க முடிவதில்லை.

நெதர்லாந்தின் லைடனில் வில்லம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈசிஜி எடுத்தபோது, ஆளை உட்காரவைத்து இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் வைக்கச் சொன்னார். அவருக்கு 1924ல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் மொன்டானாவில் நார்மன் ஹோல்டர் 1940களின் கடைசியில் செய்த முதல் நடமாடும் கருவி ஏறக்குறைய 38 கிலோ. முதுகில் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். இன்று எங்கள் கருவி தீப்பெட்டி அளவு, பனியனில் மாட்டியிருப்பது தெரியாது. ஆனால் தோலைத் தாண்டுவதற்கு நாங்கள் நம்பியிருப்பது ஐந்தோவன் நம்பிய அதே உப்புத் தண்ணீரைத்தான். அவர் பாத்திரத்தில் வைத்தார். நாங்கள் மனிதருக்குள்ளிருந்தே வரட்டும் என்று காத்திருக்கிறோம்.

இந்தக் காத்திருப்பு ஆளுக்கு ஆள் மாறும். கல்லூரிப் பையன் ஒருவனுக்கு ஐந்து நிமிடம். 70 தாண்டிய ஒரு தாத்தாவுக்கு முக்கால் மணி நேரம். வயதானால் வியர்வை குறைகிறது, தோல் வறளுகிறது. மார்கழிக் காலையில், மின்விசிறிக்குக் கீழே, இன்னும் மோசம். துணி எலெக்ட்ரோடு பற்றி நான் படித்த ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றில் அணிந்து பார்த்தவர்கள் ஒரு சில இளைஞர்கள். நாற்காலியில் உட்கார்ந்து சில நிமிடம், டிரெட்மில்லில் சில நிமிடம். டிரெட்மில்லில் ஏறினால் வியர்க்கும், வியர்த்தால் தொடர்பு நன்றாகிவிடும். எங்கள் கருவி யாருக்கு வேண்டுமோ அவர்கள் டிரெட்மில்லில் ஓடுகிறவர்கள் இல்லை. என் மனதில் இருக்கும் சோதனை, காலை ஏழு மணிக்குக் குளித்துவிட்டு வந்து, வறண்ட மார்பில், தனியாக, உதவிக்கு ஆள் இல்லாமல் பனியனை மாட்டிக்கொள்ளும் ஒரு பெரியவர். அவருடைய முதல் ஒரு மணி நேரம் எப்படி இருக்கிறது என்று காட்டாத எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை.

குளிப்பது என்றதும் இன்னொன்று. ஆரம்பத்தில் எங்களை ஒரு விஷயம் இரண்டு மாதம் ஆட்டி வைத்தது. ஆண்களின் பதிவுகள் சனிக்கிழமைகளில் மட்டும் மோசமாக வந்தன. கருவியைச் சந்தேகப்பட்டோம், பேட்டரியைச் சந்தேகப்பட்டோம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பனியனைத் துவைப்பவர்களைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் பதிவு கொடுக்க வந்த ஒரு பெரியவரின் சட்டைக் காலரில் நல்லெண்ணெய் வாசம் அடித்தது. எண்ணெய்க் குளியல். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் மெல்லிய படலம் ஒன்று தோலில் தங்கிவிடுகிறது. எண்ணெய் மின்சாரத்துக்கு வழிவிடாது. அதேபோல முகப் பவுடரை மார்பிலும் போட்டுக்கொள்கிறவர்கள், சந்தனம் பூசுகிறவர்கள். எண்ணெய் வைக்காதீர்கள் என்று எழுதிக் கொடுக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 30 நாள் போடச் சொல்கிறோம். அதில் நாலு சனிக்கிழமை வரும். அந்த மனிதர் தன் வாழ்க்கையை வாழட்டும், அதில் துணி எவ்வளவு தாங்குகிறது என்று நாம் எழுதுவோம்.

நடமாட்டம் அடுத்த தொல்லை. தோல் இழுபட்டாலே அதில் ஒரு மின்னழுத்தம் எழும். அது சில நேரம் இதயத்தின் அழுத்தத்தையே மிஞ்சிவிடும். துணி தோலில் வழுக்கினால் இன்னும் கெட்டது. வடிகட்டிவிடலாமே என்று கேட்பார்கள். வீட்டு வயரிங்கின் இரைச்சல் 50 ஹெர்ட்ஸில் தனியாக நிற்கும், அதைத் தனியாக எடுத்துவிடலாம். ஆனால் உடம்பு அசைவதால் வருவது இதயத்தின் அலைகள் இருக்கும் அதே அலைவரிசையில் வந்து உட்காரும். பாலில் கலந்த தண்ணீர் மாதிரி. சாதாரணமாக நடக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறோம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு அலை. மென்பொருள் அதை எண்ணி ‘நிமிடத்துக்கு 120’ என்று சொல்லிவிடும். காய்கறி வாங்க நடந்துபோன ஒருவருக்கு இதயம் படபடத்ததாகக் கணக்கு எழுதிவிடும். குளிர்காலத்தில் சிந்தெடிக் சேலை பட்டியின் மேல் உரசினால் நிலைமின்சாரம் கிளம்பி அதுவும் கோட்டில் ஏறும். பருத்திச் சேலை கட்டிய நாட்களில் அதே அம்மாவின் பதிவு சுத்தமாக இருந்ததைப் பார்த்துத்தான் அதைப் பிடித்தோம்.

இறுக்கிப் பிடித்தால் துணி வழுக்காது. ஆனால் இறுக்கினால் கழற்றிவிடுவார்கள். எலெக்ட்ரோடுக்குப் பின்னால் மெத்தென்று ஒரு பஞ்சு அடுக்கு வைத்து, அதற்குப் பின்னால் ஈரம் போகாத ஒரு மெல்லிய தாள் வைத்து, அந்த இடம் மட்டும் கொஞ்சம் அழுத்துமாறும் வியர்வை அங்கேயே தங்குமாறும் செய்தோம். பின்னும்போது வெள்ளி நூல் தோல் பக்கமும் பருத்தி வெளிப்பக்கமும் வரும்படி இரண்டையும் ஒரே ஊசியில் ஓட்ட வேண்டும். லூப்பின் நீளம் கொஞ்சம் கூடினாலும் பருத்தி உள்பக்கம் எட்டிப் பார்த்துவிடும். கையில் தடவிப் பார்த்தாலே எனக்குத் தெரியும். திருப்பூர் விரல்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. பின்னல் மிஷின் ஓட்டும் ஒரு அண்ணன் எங்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, டென்ஷனை மயிரிழை மயிரிழையாக மாற்றி, பதினேழு தடவை ஓட்டிக் கொடுத்தார். “இது யார் போடறதுங்க?” என்று கேட்டார். சொன்னேன். பதினெட்டாவது தடவைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

துவைப்பதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. என் பழைய வேலையே அதுதான்.

வீட்டுத் துவையலுக்கென்று ஐஎஸ்ஓ 6330 என்று ஒரு தரநிலை இருக்கிறது. குறிப்பிட்ட மிஷின், குறிப்பிட்ட சோப்பு, குறிப்பிட்ட சூடு. அதன்படி துவைத்துத் துவைத்துத் துணியின் மின்தடையை அளந்தோம். தடை மெல்ல ஏறினாலும் தாங்கியது. அப்புறம் அதே பனியனை வீடுகளுக்குக் கொடுத்தோம். மூன்றாவது வாரம் ஒரு பாட்டி, கறுத்த இடத்தை என் முன்னால் நீட்டினார்.

“ஏங் கண்ணு, இதென்ன கொலுசு மாதிரி கறுத்துப் போச்சு?”

சரியாகத்தான் கேட்டார். வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதுவும் ஒன்றுதான். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் வெள்ளியைப் பிடித்துக்கொள்கிறது. கறுத்தது மட்டும் என்றால் பெரிய மோசமில்லை; தொடர்பு ஓரளவு இருக்கும். ஆனால் அவர் வீட்டில் போர்த் தண்ணீர், உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காததால் பார் சோப்பை அழுத்தித் தேய்த்து, துவைக்கிற கல்லில் இரண்டு அடி அடித்திருக்கிறார். வெள்ளை வரவில்லையே என்று ஒரு தடவை பிளீச்சிங் தண்ணீரிலும் முக்கியிருக்கிறார். உருப்பெருக்கியில் பார்த்தபோது நூலின் மேலிருந்த வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்து, உள்ளே நைலான் தெரிந்தது. வெள்ளிக்குக் குளோரின் எமன். ‘மெதுவாகக் கசக்கவும், பிழிய வேண்டாம்’ என்று லேபிள் தைத்திருந்தோம். எழுபது வயதில் கண்ணாடி இல்லாமல் அந்த எழுத்தை யார் படிப்பார்கள்? துணியைப் பழக்குகிற வேலை எங்களுடையது, பாட்டியைப் பழக்குவது அல்ல. அதற்குப் பிறகு எங்கள் சோதனையில் ஐஎஸ்ஓ முறையோடு கல்லும் பார் சோப்பும் போர்த் தண்ணீரும் சேர்ந்தன.

ஆனால் உண்மையில் அதிகப் பனியன்களைக் கொன்றது வெள்ளியும் இல்லை, கல்லும் இல்லை. டிச் பட்டன். கருவியைப் பனியனில் மாட்டும் அந்தச் சின்ன உலோக பட்டன். மென்மையான துணியும் கெட்டியான உலோகமும் சந்திக்கும் இடத்தில்தான் எல்லா இழுப்பும் விழும். நூல் அங்கேதான் அறும். அதோடு, பட்டனில் பித்தளை, துணியில் வெள்ளி, நடுவில் உப்பு வியர்வை. இரண்டு வேறு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. பட்டனின் கழுத்தைச் சுற்றிப் பித்தளைச் செம்பில் பிடிப்பது போலப் பச்சைக் களிம்பு. முதல் சுற்றில் ஐந்தாவது வாரம் ஐந்து பனியன் ஒரே வாரத்தில் போயின. நான் தரம் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவை அவை. சுத்தமான கையில், ஏசி அறையில், நூறு தடவை மாட்டிக் கழற்றிப் பார்த்துத்தான் அனுப்பினேன். வியர்வையில் ஊறவைத்து மாட்டிக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக்கில் 1996ல் ஆரம்பித்த ‘வேரபிள் மதர்போர்டு’தான் இந்தத் துறையின் மூத்த பிள்ளை. போர்க்களத்தில் சிப்பாயின் உடம்பில் குண்டு எங்கே பாய்ந்தது, இதயம் எப்படி அடிக்கிறது என்று சொல்லும் பனியன்; அமெரிக்கக் கடற்படை பணம் கொடுத்தது. அதை வழிநடத்திய சுந்தரேசன் ஜெயராமன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக்., எம்.டெக். படித்துவிட்டுப் போனவர். துணியே கம்ப்யூட்டரின் தாய்ப்பலகை என்று அவர் சொன்ன காலத்தில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இத்தனை வருடம் கழித்தும் இந்தப் பனியன் ஏன் எல்லார் வீட்டிலும் இல்லை என்று கேட்பவர்களுக்கு நான் அந்தப் பச்சைக் களிம்பைத்தான் காட்டுவேன்.

இனி, சரியாகப் பதிவாகிறதா என்று எப்படிச் சோதிக்கிறோம் என்பது. ஒரே உடம்பில் துணியும் இருக்கும், ஜெல் ஹோல்டரும் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும். ஒப்பிடுவது சுலபம் என்று தோன்றும். ஆனால் இரண்டு கருவிக்கும் வேறு வேறு கடிகாரம். பத்து லட்சம் நொடிக்கு 20 நொடி பிசகு என்பது நல்ல கடிகாரம்தான். ஆனாலும் ஒரு நாளைக்கு 1.7 நொடி விலகிவிடும். துணி காட்டும் துடிப்பும் ஹோல்டர் காட்டும் துடிப்பும் 150 மில்லி நொடிக்குள் பொருந்தினால்தான் இரண்டும் ஒரே துடிப்பு என்று கணக்கில் எடுப்போம், 1.7 நொடி விலகினால் எல்லாம் குழம்பிப் போகும். அதனால் எல்லோரையும் காலையும் ராத்திரியும் மார்பில் துணி, ஜெல் இரண்டு எலெக்ட்ரோடின் மேலும் படும்படி மூன்று தடவை தட்டச் சொல்வோம். இரண்டு பதிவிலும் மூன்று கூர் எழும்; அதை வைத்துக் கோத்துக்கொள்ளலாம். ஒரு தாத்தா அதைத் தினமும் பூஜை அறையில் நின்றுதான் தட்டுவாராம்.

ஒரு நாளைக்கு இதயம் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அந்த லட்சத்தையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, எத்தனை பிடித்தோம், எத்தனை விட்டோம், இல்லாததை இருப்பதாக எத்தனை தடவை சொன்னோம் என்று எண்ண வேண்டும். இங்கேதான் நேர்மை என்ற ஒன்று வந்து நிற்கிறது. இரைச்சலான பகுதிகளை முதலில் எடுத்துப் போட்டுவிட்டு, மீதியை ஒப்பிட்டால் 99 சதவீதம் பொருந்தும். அதைச் செய்வது ரொம்பச் சுலபம். 24 மணி நேரத்தில் 15 மணி நேரம்தான் படிக்க முடிந்தது என்றால், அந்த 99 சதவீதம் அந்த 15 மணி நேரத்தின் 99. மீதி ஒன்பது மணி நேரத்தில் அப்பாவுக்கு வந்தது வந்து போயிருக்கலாம்.

அதனால் நாங்கள் ஒரு நாளை அரை நிமிடத் துண்டுகளாக வெட்டுகிறோம், 2,880 துண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்ல 30 நொடியாவது பதிவு வேண்டும் என்பது மருத்துவ வழக்கம், அதனால் அந்த அளவு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறம். மேலறையின் சின்ன அலையான ‘பி’ வரை எல்லாம் தெரிந்தால் பச்சை. உயரமான ‘ஆர்’ கூர் மட்டும் தெரிந்தால் மஞ்சள். துடிப்பின் ஒழுங்கைச் சொல்லலாம், வேறு எதுவும் சொல்லக் கூடாது. எதுவும் தெரியாவிட்டால் சாம்பல். ரிப்போர்ட்டின் முதல் வரியே எத்தனை பச்சை, எத்தனை மஞ்சள், எத்தனை சாம்பல் என்பதுதான். ‘எஸ்.டி.’ பகுதியைப் பற்றி, அதாவது மாரடைப்பில் மேலேறும் அந்தப் பகுதியைப் பற்றி, எங்கள் பனியன் வாயே திறக்காது. ஒப்புதல் படிவத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம்: நெஞ்சு வலித்தால் பனியனை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

சாம்பலில் இரண்டு வகை. துணி தோலில் இருந்தும் தெரியாதது ஒன்று. ஆள் பனியனைக் கழற்றி வைத்துவிட்டது இன்னொன்று. இரண்டாவதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மாரடைப்பு வந்து இதயம் பலவீனமான 2,302 பேரிடம், தேவைப்பட்டால் தானே ஷாக் கொடுக்கும் ஒரு உடுப்பைச் சோதித்த ‘வெஸ்ட்’ ஆய்வு 2018ல் வெளிவந்தது. உடுப்பு கொடுக்கப்பட்டவர்களில் 48 பேர் இறந்தார்கள். இறந்த நேரத்தில் அதை உடம்பில் போட்டிருந்தவர்கள் 12 பேர். அந்த வரியைப் படித்த நாளில் நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. தையல் ஓரம் உறுத்துவது, பட்டி அக்குளில் அறுப்பது, வெளியே தெரிந்தால் கூச்சம், மாற்றிக்கொள்ள இரண்டாவது இல்லாதது: பனியன் கம்பெனியில் இதையெல்லாம் ‘கம்ப்ளெயின்ட்’ என்று ஒரு நோட்டில் எழுதுவோம். இங்கே அதே நோட்டை முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இப்போது என் மேஜையில் இருப்பதைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர், 71 வயது. இரண்டாவது நாளே ஜெல் ஸ்டிக்கர் அரித்து, சிவந்து, கழற்றிவிட்டார். பனியனை மட்டும் தொடர்ந்து போட்டிருந்தார். ஒன்பதாவது ராத்திரி 2:10க்குத் துடிப்பின் ஒழுங்கு கலைகிறது. இடைவெளிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போகின்றன. நாலு நிமிடம். பிறகு தானே சரியாகிவிடுகிறது. ராத்திரி, போர்வைக்குள், அசையாமல் படுத்திருக்கும்போது எங்கள் துணி காட்டுவது போல வேறெப்போதும் காட்டாது. முன்னும் பின்னும் ‘பி’ அலை தெளிவாக இருக்கிறது. அந்த நாலு நிமிடத்தில் இல்லை. எட்டு துண்டு.

ஆனால் ஒப்பிட ஜெல் இல்லை. இந்தத் துணி இன்னும் சோதனையில் இருக்கும் துணி. டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். அன்றே பெரியவரை வரவழைத்து முழு ஈசிஜி எடுத்தோம், ஒழுங்காக இருந்தது. அவரிடம் எதையும் மறைக்கவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி டாக்டர் சொன்னார். பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

“இந்தத் துணி சொல்றது நெசந்தானுங்களா அம்மிணி?”

“தெரியலைங்க ஐயா. அதைத்தான் பாக்கணும்.”

மறுபடியும் 14 நாள். இந்தத் தடவை பனியனும் ஜெல்லும் சேர்த்து. தினமும் ஸ்டிக்கரின் இடத்தை ஒரு விரல்கடை தள்ளி ஒட்டச் சொல்லி அவர் மருமகளுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறோம். துவைத்து மாற்ற மூன்று பனியன், பட்டன்கள் புதியவை. நேற்று சாயங்காலம் போனபோது ஒன்று கொடியில் நிழலில் காய்ந்துகொண்டிருந்தது, பிழியாமல், சொட்டுச் சொட்டாக. ஸ்டிக்கர் ஒட்டிய இடம் கொஞ்சம் சிவந்திருக்கிறது, பொறுத்துக்கொள்கிறேன் என்றார்.

இன்று ஆறாவது நாள். காலையில் பதிவு வந்தது. ராத்திரி பத்திலிருந்து ஐந்து வரை ஏறக்குறைய எல்லாம் பச்சை. இரண்டு பதிவும் துடிப்புக்குத் துடிப்பு பொருந்துகின்றன, ஒழுங்காக. இன்னும் எட்டு இரவு இருக்கிறது.